இரு செங்கோணங்கள்: மிகைநிரப்பு கோணங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கேத்திரகணிதத்தின் வாயிலில் நிற்கும் மாணவனுக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்படும் உண்மைகளுள் இரண்டு அடுத்தடுத்து வருவன. ஒரு நேர்கோட்டின்மீது இன்னொரு நேர்கோடு நிற்கும்போது உண்டாகும் அடுத்துள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பது ஒன்று. சமாந்தரக் கோடுகள் இரண்டை ஒரு குறுக்கோடி வெட்டும்போது, அதன் ஒரே பக்கத்தில் அமையும் நேயக் கோணங்களின் கூட்டுத்தொகையும் 180 பாகை என்பது மற்றொன்று. இவ்விரு சோடிகளையும் மிகைநிரப்பு கோணங்கள் என்ற ஒரே பெயரால் வழங்குகின்றோம். பெயரும் ஒன்று, எண்ணும் ஒன்று, பயிற்சி வினாக்களும் ஒரே வகையின. ஆதலின் இரண்டும் ஒரே தரத்தன என்று மாணவன் எண்ணிக்கொள்கின்றான். ஆசிரியரும் பெரும்பாலும் அவ்வாறே எண்ண விட்டுவிடுகின்றார்.

வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. முதலாவது உண்மை நிறுவப்பட்ட காலத்திலிருந்து இன்றுவரை அசைவின்றி நிற்கின்றது. இரண்டாவதோ ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக அறிஞர் பலரை அலைக்கழித்தது. அதனை நிறுவப் புகுந்தோர் அனைவரும் தோற்றனர். ஈற்றில், யூக்கிளிட்டின் ஏனைய எடுகோள்களிலிருந்து அதனை நிறுவ இயலவே இயலாது என்ற முடிவுக்கு 19ஆம் நூற்றாண்டு வந்து சேர்ந்தது. ஒரே பெயரைத் தாங்கிய இவ்விரு கூற்றுக்களும் எவ்விடத்தில் பிரிகின்றன, அப்பிரிவை உணர்ந்துகொள்ள மனித அறிவுக்கு ஏன் இத்துணைக் காலம் சென்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவும் பெயரும்

ஒரு கோணத்தோடு சேர்ந்து ஒரு செங்கோணத்தை நிறைவாக்குவது நிரப்பு கோணம். அதனினும் மிகையாகச் சென்று இரு செங்கோணங்களை நிறைவாக்குவது மிகைநிரப்பு கோணம். கலைச்சொல்லிலேயே பொருள் அடங்கியிருக்கின்றது. இங்கு 'இரு செங்கோணங்கள்' என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. 180 என்ற எண் பழைய கிரேக்கக் கேத்திரகணிதத்துக்கு உரியதன்று. வட்டத்தை 360 பகுதிகளாக வகுக்கும் வழக்கம், அறுபதை அடியாகக் கொண்ட எண்முறையைக் கையாண்ட பாபிலோனிய வானியலாரிடமிருந்து வந்தது. கிரேக்கருள் அதனை முதலிற் கைக்கொண்டவராகக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான ஹிப்சிக்கிளிஸ் குறிப்பிடப்படுகின்றார்.

கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் 'மூலங்கள்' என்னும் நூலை யாத்த யூக்கிளிட், அதன் 13 பாகங்களில் ஓரிடத்திலேனும் பாகையைப் பயன்படுத்தவில்லை. அவருடைய அளவுகோல் செங்கோணமே. அதனையும் அவர் எண்ணால் வரையறுத்தாரல்லர். ஒரு நேர்கோட்டின்மீது நிற்கும் நேர்கோடு இரு புறத்தும் சமமான அடுத்துள்ள கோணங்களை ஆக்குமாயின், அவை ஒவ்வொன்றும் செங்கோணம் என்பது அவர் தரும் வரைவிலக்கணம். ஊன்றி நோக்கின், தம்முட் சமமான ஒரு மிகைநிரப்புச் சோடியிலிருந்தே செங்கோணம் என்ற கருத்துப் பிறக்கின்றமை புலப்படும். ஓரிடத்துச் செங்கோணமும் வேறோரிடத்துச் செங்கோணமும் சமம் என்பதை யூக்கிளிட் தமது நான்காம் எடுகோளாக வைத்தார். ஒப்பீட்டுக்கு வேண்டிய அலகு எங்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தமைக்கு இது சான்றாகும். 1899இல் வெளிவந்த தமது நூலில் டேவிட் ஹில்பேட், வேறு அடிப்படைகளிலிருந்து இதனை ஒரு தேற்றமாகவே நிறுவிக் காட்டினார்.

ஒரு புள்ளியில் நிகழ்வன

'மூலங்கள்' நூலின் முதலாம் பாகத்தில் 48 கூற்றுக்கள் உள்ளன. அவற்றுள் 13ஆவது, நேர்கோட்டின்மீது நேர்கோடு நிற்கும்போது உண்டாகும் கோணங்கள் இரு செங்கோணங்களாகவோ இரு செங்கோணங்களுக்குச் சமமானவையாகவோ இருக்கும் என்பதாகும். 'இரு செங்கோணங்களாகவோ, சமமானவையாகவோ' என்ற பிரிவு இன்று தேவையற்றதாகத் தோன்றலாம். ஆயின் கோணம் என்பது ஒரே நேர்கோட்டில் அமையாத இரு கோடுகளின் சாய்வு என்று வரையறுத்த யூக்கிளிட்டுக்கு, நேர்கோணம் என்று இன்று நாம் கூறுவது ஒரு கோணமே அன்று. ஆகவே அவர் 180 பாகைக் கோணத்தை இரண்டாகப் பிரிக்க இயலாது. இரு கோணங்களைக் கூட்டியே காட்டல் வேண்டும். நிற்கும் கோடு சாய்ந்திருப்பின், அதே புள்ளியிலிருந்து ஒரு செங்குத்தை எழுப்புகின்றார். இப்போது அங்கே மூன்று கோணங்கள் உள்ளன. அவற்றை ஒரு வகையாகச் சேர்த்தால் தரப்பட்ட இரு கோணங்கள் கிடைக்கும்; இன்னொரு வகையாகச் சேர்த்தால் இரு செங்கோணங்கள் கிடைக்கும். நிறுவல் அவ்வளவே.

இதிலிருந்து 15ஆம் கூற்று எளிதிற் பெறப்படும். இரு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டின் குத்தெதிர்க் கோணங்கள் சமம். ஒரே கோணத்துக்கு மிகைநிரப்பாக இரு கோணங்கள் அமைகின்றன. பொதுவானதை நீக்க எஞ்சுவன சமமாதல் வேண்டும். கி.மு. 6ஆம் நூற்றாண்டினரான தேலிஸ் இதனைக் கண்டறிந்தார் என்றும், அதற்கு முறையான நிறுவலை அளித்தவர் யூக்கிளிட்டே என்றும், அரிஸ்டோட்டிலின் மாணாக்கரான யூடெமசை ஆதாரமாகக் காட்டிக் கி.பி. 5ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் புரோக்கிளஸ் கூறுகின்றார். கண்ணாற் கண்டு ஒப்புக்கொள்ளுதலுக்கும் காரணங்காட்டி நிறுவுதலுக்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் கிரேக்கர் எத்துணை மதித்தனர் என்பதற்கு இக்குறிப்பு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இவ்விரு கூற்றுக்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. இரண்டும் ஒரு புள்ளியில் நிகழ்வன. கோடுகள் தொலைவிற் சென்று என்ன ஆகின்றன என்ற வினா இங்கு எழுவதில்லை. இவற்றின் உறுதிக்கு இதுவே காரணம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரு புள்ளிகளுக்கிடையே நிகழ்வன

குறுக்கோடி ஒன்று இரு கோடுகளை வெட்டும்போது நிலைமை மாறுகின்றது. கோணங்கள் இரு வேறு புள்ளிகளில் நிற்கின்றன. அவற்றை இணைப்பது அவ்விரு கோடுகளின் முழு நீளத்தைப் பற்றிய ஒரு செய்தியாகும். ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாயின் கோடுகள் சமாந்தரமானவை என்று 27ஆம் கூற்றும், ஒத்த கோணங்கள் சமமாயினும் நேயக் கோணங்கள் இரு செங்கோணங்களுக்குச் சமமாயினும் அவ்வாறே என்று 28ஆம் கூற்றும் உரைக்கின்றன. முக்கோணியின் புறக்கோணம் அகத்தெதிர்க் கோணங்கள் ஒவ்வொன்றினும் பெரிது என்ற 16ஆம் கூற்றே இவற்றுக்கு அடிப்படை. இதுவரை ஐந்தாம் எடுகோள் தேவைப்படவில்லை.

இவற்றின் மறுதலையே 29ஆம் கூற்று: கோடுகள் சமாந்தரமாயின் நேயக் கோணங்கள் இரு செங்கோணங்களுக்குச் சமம். இங்குத்தான் யூக்கிளிட் முதன்முறையாகத் தமது ஐந்தாம் எடுகோளைத் துணைக்கு அழைக்கின்றார். இரு நேர்கோடுகளை வெட்டும் கோடொன்று ஒரு பக்கத்து அகக்கோணங்களை இரு செங்கோணங்களிலும் குறைவாக ஆக்குமாயின், அவ்விரு கோடுகளும் வரையறையின்றி நீட்டப்படுமிடத்து அப்பக்கத்தில் சந்திக்கும் என்பதே அவ்வெடுகோள். ஏனைய நான்கு எடுகோள்களும் ஓரடியில் முடிவன. இதுவோ ஒரு தேற்றத்தைப் போல நீண்டு, எவரும் சென்று பார்க்க இயலாத தொலைவைப் பற்றிப் பேசுகின்றது. 28 கூற்றுக்கள்வரை இதனை அவர் தொடாமல் வைத்திருந்தமை அவருடைய தயக்கத்தைக் காட்டுகின்றதென்று அறிஞர் பலர் கருதுவர்.

அந்த எடுகோளின்மீது தங்கியிருப்பவை சிறியனவல்ல. முக்கோணியின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரு செங்கோணங்களுக்குச் சமம் என்ற 32ஆம் கூற்று 29ஆம் கூற்றின்வழிப் பிறப்பது. உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாகக் கோடு வரைந்து அதனை நிறுவும் முறையைப் பைதகரசின் மரபினருக்கு யூடெமஸ் உரிமையாக்கினார். பைதகரசின் பெயரால் வழங்கும் 47ஆம் கூற்றும் இதன்மீதே நிற்கின்றது. எனவே நேயக் கோணங்கள் மிகைநிரப்பானவை என்ற எளிய வாக்கியம் அசையுமாயின், பாடசாலைக் கேத்திரகணிதத்தின் பெரும் பகுதி அதனோடு அசையும். சமாந்தரக் கோடுகள் பற்றிய வாதங்களில், நிறுவ வேண்டியதையே முன்னதாகக் கொள்ளும் வழு நிகழ்வதை யூக்கிளிட்டுக்கு முன்னரே அரிஸ்டோட்டில் சுட்டிக்காட்டியிருந்தார் என்பதும் இவ்விடத்து நோக்கற்பாலது.

நிறுவ முயன்றோர்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியல் மேதை தொலமி இம்மறுதலையை நிறுவ முயன்றார். அவருடைய வாதத்தைப் புரோக்கிளஸ் நமக்குப் பேணித் தந்துள்ளார். சமாந்தரக் கோடுகள் இரண்டைக் குறுக்கோடி வெட்ட, ஒரு பக்கத்து நேயக் கோணங்கள் இரு செங்கோணங்களிலும் பெரியவை என்று கொள்வோம். கோடுகள் அப்பக்கத்தில் எவ்வளவு சமாந்தரமோ மறுபக்கத்திலும் அவ்வளவே சமாந்தரம். ஆதலின் மறுபக்கத்து நேயக் கோணங்களும் இரு செங்கோணங்களிலும் பெரியவையாதல் வேண்டும். அப்போது நான்கு கோணங்களும் சேர்ந்து நான்கு செங்கோணங்களை விஞ்சும். ஆனால் ஒவ்வொரு வெட்டுப்புள்ளியிலும் அடுத்துள்ள கோணங்கள் இரு செங்கோணங்கள். எனவே நான்கும் சேர்ந்து சரியாக நான்கு செங்கோணங்களே. குறைவு என்று கொண்டாலும் இதே முரண் தோன்றும். ஆகவே அவை சமம்.

வாதம் அழகியது. ஒரு புள்ளியில் நிகழும் மிகைநிரப்பைக் கொண்டு இரு புள்ளிகளுக்கிடையேயுள்ள மிகைநிரப்பை எட்டிப் பிடிக்க அது முனைகின்றது. குறைபாடு நடுவில் ஒளிந்திருக்கின்றது. ஒரு பக்கத்துக்குரியது மறுபக்கத்துக்கும் உரியது என்பதற்கு ஆதாரம் யாது? ஒரு பக்கத்திற் கூடுதலாகவும் மறுபக்கத்திற் குறைவாகவும் இருப்பின், நான்கு கோணங்களின் கூட்டுத்தொகை சிறிதும் பிழையாது. ஒரு புள்ளியினூடாக ஒரேயொரு சமாந்தரக் கோடே உண்டு என்பதைத் தொலமி தம்மை அறியாமலே எடுத்துக்கொண்டார். புரோக்கிளஸ் அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும் இவ்வெடுகோள் உண்மையில் ஒரு தேற்றமே என்று நம்பிய அவரும், சமாந்தரக் கோடுகளுக்கிடையேயுள்ள தூரம் எல்லை கடந்து பெருகாது என்ற வேறோர் எடுகோளை நுழைத்தே தமது நிறுவலை முடித்தார்.

பின்னர் இப்பணி அரபு மொழியில் எழுதிய அறிஞரிடம் சென்றது. இபின் அல் ஹைதம் (965 - ஏறத்தாழ 1040) மூன்று செங்கோணங்களைக் கொண்ட நாற்பக்கல் ஒன்றை ஆராய்ந்து, நான்காவது கோணமும் செங்கோணமே என்று காட்ட ஒரு கோட்டின் இயக்கத்தைத் துணைக்கொண்டார். கவிஞராகவே பலரும் அறிந்த உமர் கையாம் 1077இல் எழுதி முடித்த தமது ஆய்வில், கேத்திரகணித நிறுவலில் இயக்கத்தைப் புகுத்துதல் தகாது என்று அதனை மறுத்தார். அடியின் இரு முனைகளிலும் சமமான செங்குத்துக்களை எழுப்பி, மேலேயுள்ள இரு சம கோணங்கள் செங்கோணமாகவோ, கூர்ங்கோணமாகவோ, விரிகோணமாகவோ இருக்கலாம் என்று மூவகைப்படுத்தி, பின்னிரண்டையும் விலக்க முயன்றார். 13ஆம் நூற்றாண்டில் நசீருத்தீன் தூசி இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். அவருடைய பெயரால் வழங்கிய அரபு நூலொன்று 1594இல் உரோமில் அச்சேறி, ஐரோப்பியருக்கும் இப்பிரச்சினையைக் கொண்டு சென்றது. ஒக்ஸ்போட் பேராசிரியர் ஜோன் வொலிஸ் 1663இல் அதனை எடுத்துரைத்து, தாமும் ஒரு நிறுவலை வழங்கினார். எந்த அளவிலும் இயல்பொத்த முக்கோணிகளை அமைக்கலாம் என்பதை அவர் எடுத்துக்கொண்டார். அதுவும் ஐந்தாம் எடுகோளின் மாற்றுருவமே.

இம்முயற்சிகள் அனைத்திலும் ஒரே கதை மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காண்கின்றோம். ஒரு வாயிலால் வெளியேற்றப்பட்ட எடுகோள் இன்னொரு வாயிலால் உள்ளே வருகின்றது. எனினும் இவற்றை வீண் முயற்சிகள் எனல் பொருந்தாது. ஐந்தாம் எடுகோளுக்குச் சமமான கூற்றுக்கள் எவையென்பதை இத்தோல்விகளே உலகுக்கு அறிவித்தன.

வழுவைத் தேடியவர் கண்ட உலகம்

இயேசு சபைத் துறவியான சக்கேரி, 1733இல் தாம் இறந்த அதே ஆண்டில், யூக்கிளிட்டை எல்லா மாசுகளிலிருந்தும் மீட்பதாகக் கூறும் நூலை மிலானில் வெளியிட்டார். உமர் கையாம் எடுத்த அதே நாற்பக்கலையே அவரும் எடுத்தார். ஆனால் அவர் வழி புதியது. எடுகோள் பொய்யென்று கொண்டு, அதன் விளைவுகளை ஒவ்வொன்றாகப் பெற்று, முரண்பாடு தோன்றுமிடத்தைத் தேடினார். விரிகோணக் கருதுகோள், கோடுகளை எல்லையின்றி நீட்டலாம் என்பதோடு முரண்பட்டு வீழ்ந்தது. கூர்ங்கோணக் கருதுகோளோ வீழவில்லை. அதில் முக்கோணியின் கோணங்கள் இரு செங்கோணங்களிலும் குறைந்தன. சமாந்தரக் கோடுகளின் நேயக் கோணங்கள் மிகைநிரப்பாயிருக்க வேண்டியதில்லை. தேற்றம் தேற்றமாக அவர் முன்னேற, முரண்பாடு மட்டும் தோன்றவில்லை. ஈற்றில், அக்கருதுகோள் நேர்கோட்டின் இயல்புக்கு ஒவ்வாதது என்று கூறி அதனைத் தள்ளிவிட்டார். தர்க்கம் தராத தீர்ப்பை அவருடைய நம்பிக்கை தந்தது. ஒரு புதிய கேத்திரகணிதத்தின் முதல் ஏடுகளை எழுதிய கை, அவற்றைப் பொய்யென்று முத்திரையிட்டமை கணித வரலாற்றில் இரங்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

1766இல் இதே வழியிற் சென்ற லம்பேட், முக்கோணியின் கோணங்கள் இரு செங்கோணங்களிலிருந்து எவ்வளவு குறைகின்றனவோ, அக்குறைவு அதன் பரப்பளவுக்கு விகிதசமமாயிருக்கும் என்று கண்டார். சிறிய முக்கோணிகளிற் குறைவு மிகச் சிறிதாதலின், கோணமானியைக் கொண்டு தாளில் அளந்து இவ்வினாவைத் தீர்க்க இயலாது என்பது இதிலிருந்து பெறப்படும். அவருடைய ஆய்வு 1786இல், அவர் இறந்து 9 ஆண்டுகளின் பின்னரே வெளிவந்தது.

துணிந்தோரும் மௌனம் காத்தவரும்

முரண்பாடு தோன்றாமைக்குக் காரணம் முரண்பாடு இல்லாமையே என்று துணிந்து கூற இருவர் வந்தனர். உருசியாவின் கசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லொபசெவ்ஸ்கி தமது புதிய கேத்திரகணிதத்தை 1829இல் அந்நகரச் சஞ்சிகையொன்றில் வெளியிடத் தொடங்கினார். ஹங்கேரியரான யானோஸ் பொல்யாய், படைப் பொறியியல் அதிகாரியாக இருந்துகொண்டே அதே முடிவை அடைந்தார். அவருடைய தந்தை பார்க்காஸ் பொல்யாயும் கணித அறிஞர்; சமாந்தரக் கோடுகளின் பிரச்சினையில் தமது வாழ்வின் மகிழ்ச்சியை இழந்ததாகக் கூறி, அப்பாதையில் இறங்க வேண்டாமென்று மகனை இரந்து வேண்டியவர். மகன் கேட்கவில்லை. 1832இல் தந்தையின் நூலுக்குப் பின்னிணைப்பாக மகனின் ஆய்வு வெளிவந்தது.

அக்காலத்துப் பேரறிஞரான கௌசுக்குத் தந்தை அதனை அனுப்பினார். தாம் பல ஆண்டுகளாகத் தம்முள்ளே கொண்டிருந்த எண்ணங்களே இவையென்றும், ஆதலால் இதனைப் புகழ்தல் தம்மைத் தாமே புகழ்தலாகும் என்றும் கௌஸ் விடையெழுதினார். அறியாதார் எழுப்பும் ஆரவாரத்துக்கு அஞ்சித் தம் கருத்துக்களை வெளியிடத் தயங்குவதாக 1829இல் அவரே நண்பர் பெசலுக்கு எழுதியிருந்தார். இளைஞரான யானோசை அவ்விடை ஆறாத் துயரில் ஆழ்த்தியது. 1860இல் இறக்கும்வரை அவர் கணிதத்தில் வேறெதனையும் வெளியிடவில்லை. லொபசெவ்ஸ்கியோ ஏற்பாரின்றியும் எழுதிக்கொண்டேயிருந்தார்; பார்வை இழந்த நிலையில் தமது இறுதி நூலைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். அறிந்தும் மௌனம் காத்தவரின் புகழ் குன்றவில்லை. துணிந்து உரைத்தவரே விலை கொடுத்தனர் என்பது இவ்வரலாறு நமக்கு வைத்திருக்கும் கசப்பான பாடம்.

1868இல் இத்தாலியரான பெல்த்ராமி, புதிய கேத்திரகணிதத்துக்கு யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தினுள்ளேயே ஒரு மாதிரியுருவை அமைத்துக் காட்டினார். அதன் உட்பொருள், பின்னது முரணற்றதாயின் முன்னதும் முரணற்றது என்பதாகும். ஐந்தாம் எடுகோளை ஏனையவற்றிலிருந்து நிறுவ இயலாது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

கோளம் கூறும் செய்தி

எதிர்த்திசையிலும் ஓர் உலகம் உண்டு. பூகோளத்தின் மத்தியகோட்டை அடியாகவும், ஒன்றுக்கொன்று 90 பாகை விலகிய இரு நெடுங்கோடுகளைப் பக்கங்களாகவும் கொண்ட முக்கோணியைக் கருதுவோம். மத்தியகோட்டில் இரு செங்கோணங்கள். வடமுனையில் ஒரு செங்கோணம். கூட்டுத்தொகை 270 பாகை. கோள முக்கோணியின் கோணங்கள் இரு செங்கோணங்களிலும் மிகுந்தவை என்பதை மெனெலேயஸ் கி.பி. 100 அளவிலேயே அறிந்திருந்தார். ஆயினும் பெருவட்டத்தை அப்பரப்பின் நேர்கோடாகக் கொண்டு அதனையும் ஒரு கேத்திரகணிதமாக எண்ண, 1854இல் ரீமான் ஆற்றிய விரிவுரைக்கு வழிவந்த சிந்தனை தேவைப்பட்டது. சான்று கண்முன் இருந்தும் வினா எழாதவிடத்து அது சான்றாகத் தோன்றுவதில்லை.

இக்கோளத்தில் மத்தியகோட்டைக் குறுக்கோடியாகக் கொண்டால், இரு நெடுங்கோடுகளின் நேயக் கோணங்கள் மிகைநிரப்பானவை. ஆயினும் அக்கோடுகள் முனைவிற் சந்திக்கின்றன. இங்கு 28ஆம் கூற்றே பொய்க்கின்றது. அதற்கு அடிப்படையான 16ஆம் கூற்று, கோடுகள் திரும்பி வாராது எல்லையின்றி நீளும் என்பதை உள்ளூரக் கொண்டிருந்தமையே காரணம். லொபசெவ்ஸ்கியின் தளத்தில் 28ஆம் கூற்று நிற்கின்றது. 29ஆம் கூற்று வீழ்கின்றது. யூக்கிளிட்டின் தளத்தில் இரண்டும் நிற்கின்றன. ஆனால் மூன்று உலகங்களிலும் 13ஆம் கூற்றும் 15ஆம் கூற்றும் மாற்றமின்றி மெய்யாகின்றன. அடுத்துள்ள கோணங்கள் எங்கும் மிகைநிரப்பானவை. குத்தெதிர்க் கோணங்கள் எங்கும் சமமானவை. ஒரு புள்ளியில் நிகழ்வன பரப்பின் இயல்பை அறியா. இரு புள்ளிகளுக்கிடையே நிகழ்வன அதனைச் சார்ந்தே அமைவன. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பை வெளியின் வளைவாக விளக்கியபோது, இவ்வேற்றுமை பௌதிகவியலுக்கும் உரியதாயிற்று.

முடிவாக, மிகைநிரப்பு கோணங்களைக் கற்பிக்கும் நமது முறை பற்றி ஒன்று கூறுதல் பொருந்தும். தெரியாத கோணத்தைக் காண்பதற்கு 180இலிருந்து கழித்தல் போதுமானது. ஆனால் எச்சோடி நிறுவப்பட்டது, எச்சோடி ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற வேற்றுமையையும், ஒரு கூற்று மெய்யாதலால் அதன் மறுதலையும் மெய்யாகிவிடாது என்பதையும் மாணவன் அறிந்திருத்தல் வேண்டும். இதற்குப் புதிய பாடநூல்கள் வேண்டியதில்லை. கூற்றும் மறுதலையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதப்படும் அந்நாளில், இரண்டாவதற்குக் காரணம் யாது என்ற வினாவை எழவிட்டாற் போதும். தொலமியிலிருந்து பொல்யாய் வரை அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்ட வினா அது. அதனைக் கேட்கும் உரிமை ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கும் உண்டு; அதனை மறைத்து எண்ணை மட்டும் கொடுப்போமாயின், நாம் அவனுக்குக் கொடுப்பது கேத்திரகணிதமாகாது.